சொல்லால் கட்டிய கூட்டணி: டிப்ளமசி ஆட்டமும் வாக்குறுதியின் வரலாறும்

1959-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு பலகை ஆட்டம் விற்பனைக்கு வந்தது. பெயர் டிப்ளமசி. பெரிய நிறுவனங்கள் அதை வெளியிட மறுத்துவிட்டதால், உருவாக்கிய ஆலன் கால்ஹமர் தம் பொறுப்பில் 500 படிகள் மட்டும் அச்சிட்டார். ஆட்டத்தில் பகடை இல்லை, சீட்டு இல்லை, அதிர்ஷ்டத்திற்கு இடமே இல்லை. முதல் உலகப் போருக்கு முந்தைய ஐரோப்பாவின் ஏழு வல்லரசுகளை ஏழு பேர் நடத்துகிறார்கள். ஒவ்வொரு நகர்வுக்கும் முன்பு அவர்கள் தனித்தனியே கூடிப் பேசுகிறார்கள். பிறகு ஒவ்வொருவரும் தம் படைகளுக்கான ஆணைகளைத் தாளில் இரகசியமாக எழுதுகிறார்கள். எல்லாத் தாள்களும் ஒரே நேரத்தில் விரிக்கப்படுகின்றன. பேசும்போது யார் யாருக்கும் எந்த வாக்குறுதியையும் தரலாம். அந்த வாக்குறுதி எதுவும் யாரையும் கட்டுப்படுத்தாது. விதிநூல் இதில் ஐயத்திற்கு இடம் வைக்கவில்லை.

காப்பாற்ற வேண்டிய கட்டாயமே இல்லாத வாக்கை ஒருவர் ஏன் நம்ப வேண்டும்? இன்னொருவர் அதை ஏன் காப்பாற்ற வேண்டும்? அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக டிப்ளமசியை ஆடியவர்கள் விட்டுச்சென்ற கடிதங்களும் உரையாடல்களும் இக்கேள்விக்கான விடைகளின் தொகுப்பாகவே அமைந்துவிட்டன. அந்த வரலாறு ஆட்டப் பிரியர்களுக்கு மட்டும் உரியதன்று; மொழியையும் அரசியலையும் பயில்வோருக்கும் உரியது.

பலர் ஆடும் போர் ஆட்டம் புதிதன்று. ஏறத்தாழ 1030-இல் அல்பிரூனி இந்தியாவைப் பற்றி எழுதிய நூலில், நால்வர் பகடை உருட்டி ஆடும் சதுரங்கம் ஒன்றை விவரிக்கிறார். பதினாறாம் நூற்றாண்டின் வங்க அறநூலாசிரியர் ரகுநந்தனர் இயற்றிய திதிதத்துவத்திலும் அவ்வாட்டம் இடம்பெறுகிறது; வியாசர் யுதிஷ்டிரருக்கு அதைக் கற்பிப்பதாக உரையாடல் அமைந்துள்ளது. அங்கே எதிரெதிரே அமர்ந்தவர்கள் ஓரணி. யார் தோழன், யார் பகைவன் என்பதை ஆடுபவர்கள் உட்கார்ந்த இடமே தீர்மானித்துவிடுகிறது. தோழமையைத் தேடவும் வேண்டாம், பேசிப் பெறவும் வேண்டாம். கால்ஹமர் செய்த மாற்றம் இவ்விடத்தில்தான் தெளிவாகிறது. அவர் கூட்டணியை இருக்கையிலிருந்து விடுவித்துப் பேச்சிடம் ஒப்படைத்தார்.

இந்த எண்ணம் அவருக்கு ஒரே நாளில் தோன்றியதன்று. சிறுவயதில் வீட்டுப் பரணில் கிடைத்த பழைய புவியியல் நூலில், அன்றைய உலகில் இல்லாத ஆஸ்திரிய-ஹங்கேரியையும் உதுமானியப் பேரரசையும் அவர் கண்டார். 1945-இல் வியன்னா மாநாட்டைப் பற்றி லைஃப் இதழில் வந்த கட்டுரை, பல வல்லரசுகள் ஒன்றையொன்று சமன்செய்து நிற்கும் அமைப்பை அவருக்கு அறிமுகப்படுத்தியது. ஹார்ட்ஸ் என்னும் சீட்டாட்டத்தில், முன்னணியில் இருப்பவரை மற்றவர்கள் சேர்ந்து தடுக்கும்போது ஆட்டம் சுவை கூடுவதையும் கவனித்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சிட்னி ஃபே என்னும் வரலாற்றறிஞரிடம் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய வரலாற்றைப் பயின்றார். உலகப் போரின் தோற்றம் குறித்து ஃபே 1928-இல் வெளியிட்ட ஆய்வு, போருக்கான பழியை ஒரு நாட்டின்மீது மட்டும் சுமத்த மறுத்தது. இரகசிய உடன்படிக்கைகளின் பின்னலையே முதன்மையான அடிப்படைக் காரணமாகக் காட்டியது. 1954-இல் கால்ஹமர் வடிவமைத்த ஆட்டம் அவ்வாய்வின் வாதத்தைப் பலகைமேல் ஏற்றிய முயற்சி எனலாம். பிற்காலத்தில் அவர் இல்லினாய் மாநிலத்தின் லா கிரேஞ்ச் பார்க்கில் தபால்காரராகப் பணியாற்றினார்; 2013-இல் மறைந்தார்.

ஆட்டத்தின் உள்ளமைப்பை அறிந்தால்தான் பேச்சின் எடை விளங்கும். வரைபடத்தில் 34 வழங்கல் மையங்கள் உள்ளன. 18-ஐக் கைப்பற்றுபவர் வென்றவர். ரஷ்யா நான்கு படைகளோடும் மற்ற அறுவர் மும்மூன்று படைகளோடும் தொடங்குகிறார்கள். தரைப்படையாயினும் கப்பற்படையாயினும் ஒவ்வொன்றின் வலிமையும் ஒன்றே. ஒன்றை ஒன்று தாக்கினால் இரண்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். முன்னேற வேண்டுமானால் இன்னொரு படையின் துணை வேண்டும். அந்தத் துணை வேறொரு நாட்டிடமிருந்தும் வரலாம். பர்கண்டியில் நிற்கும் பிரெஞ்சுப் படை மியூனிக்கைத் தாக்குகிறது என்று கொள்வோம். அங்கே ஜெர்மானியப் படை ஒன்று நின்றால் தாக்குதல் வீண். திரோலில் இருக்கும் இத்தாலியப் படை அந்தத் தாக்குதலுக்குத் துணை நிற்பதாக இத்தாலி தன் தாளில் எழுதியிருந்தால் மியூனிக் வீழும். எழுதாவிட்டால் வீழாது. இத்தாலி பிரான்சிடம் என்ன சொன்னது என்பதற்கு இங்கே மதிப்பில்லை. தாளில் என்ன எழுதியது என்பதே செயல்.

சொல்லுக்கும் எழுத்துக்கும் இடையே விட்ட இந்த இடைவெளிதான் கால்ஹமரின் முக்கியமான கண்டுபிடிப்பு. தனியொருவரால் அதிக தூரம் செல்ல முடியாது என்பதால் கூட்டணி தவிர்க்க முடியாதது. வென்றவர் ஒருவரே என்பதால் கூட்டணி என்றேனும் முறிய வேண்டியது. முறிவு வெளிப்படும் கணம் தாள்கள் விரியும் கணம். அதன்பின் கெஞ்சவோ எச்சரிக்கவோ நேரமில்லை. இதற்கு ஆட்டக்காரர்கள் இட்ட பெயர் ‘குத்து’; முதுகில் குத்துதல் என்று தமிழிலும் வழங்கும் அதே படிமம்.

கால்ஹமர் பயின்ற ஹார்வர்டிலேயே, ஆட்டம் உருவான மறு ஆண்டில், 1955-இல், ஜே. எல். ஆஸ்டின் தம் புகழ்பெற்ற சொற்பொழிவுகளை நிகழ்த்தினார். சில சொற்கள் செய்தியைத் தெரிவிப்பதோடு நிற்பதில்லை, அவற்றைச் சொல்வதே ஒரு செயல் என்பது அவர் வாதம். வாக்குறுதி அவற்றுள் தலையானது. ‘வாக்களிக்கிறேன்’ என்று சொல்வது வாக்கைப் பற்றிய செய்தியன்று, அதுவே வாக்களித்தல். இருவரும் ஒருவரையொருவர் அறிந்திருந்ததாகக் கொள்ளத் தேவையில்லை. ஆயினும் ஆஸ்டின் எழுப்பிய கேள்வியின் மறுபக்கத்தை டிப்ளமசி ஆய்வுக்கூடம்போல் திறந்து வைத்தது: சொல்லைச் செயலாக்கும் நீதிமன்றம், சாட்சி, தண்டனை எல்லாவற்றையும் நீக்கிவிட்டால், சொல்லில் மிஞ்சுவது என்ன?

முதல் விடையை ஆட்டக்காரர்களின் நடைமுறை தந்தது. ரஷ்யாவின் கப்பற்படை செவஸ்தபோலிலும் துருக்கியின் கப்பற்படை அங்காராவிலும் ஆட்டத்தைத் தொடங்குகின்றன. இரண்டுக்கும் நடுவே கருங்கடல். அதில் யார் முதலில் நுழைகிறாரோ அவர் மற்றவரின் கழுத்தைப் பிடித்தவர் ஆவார். ‘இருவரும் நுழைய வேண்டாம்’ என்று உடன்படலாம். அது முழுக்க நம்பிக்கையின்மேல் நிற்கும் உடன்பாடு. அனுபவம் மிக்கவர்கள் பெரும்பாலும் வேறொரு வழியைப் பரிந்துரைப்பார்கள்: ‘இருவரும் நுழைவதாகவே எழுதுவோம்’. இருவரும் நுழைய முயன்றால் சம வலிமை மோதி இருவரும் திரும்புவர். கடல் காலியாகவே இருக்கும். முதல் உடன்பாட்டை மீறுபவர் இலாபம் அடைவார். இரண்டாவதை மீறி எழுதாமல் விட்டவரோ தாமே கடலை இழப்பார். விளைவு ஒன்று; நம்பிக்கைக்கான தேவை வேறு. வாக்கை நம்ப முடியாத இடத்தில், வாக்கு மீறினாலும் தீங்கு நேராத வடிவில் உடன்பாட்டைச் சமைத்துக்கொள்ளும் அறிவு இது.

இந்த வேறுபாட்டை அர்த்தசாத்திரம் வெகு முன்பே விவாதித்திருக்கிறது. அரசன் கையாள வேண்டிய அறுவகை உபாயங்களில் முதலாவது சந்தி. சொற்களின் இணைப்பைக் குறிக்க இலக்கணிகள் ஆளும் அதே சொல், அங்கே அரசுகளின் இணக்கத்தைக் குறிக்கிறது. ஏழாம் அதிகரணத்தில் ஒரு கேள்வி எழுகிறது: எந்த உடன்படிக்கை உறுதியானது? சத்தியமும் ஆணையும் நிலையற்றவை, பிணையும் பணயமுமே நிலையானவை என்பது முந்தைய ஆசிரியர்களின் கருத்து. கௌடில்யர் மறுக்கிறார். சத்தியமும் ஆணையும் இம்மையிலும் மறுமையிலும் செல்லும். பிணையும் பணயமும் இம்மையில் மட்டுமே, அதுவும் வலிமை இருக்கும் வரையில்தான் செல்லும் என்கிறார். இரக்கமற்ற அரசியலின் ஆசிரியர் என்று பெயர் பெற்றவர் வெறும் சொல்லின் பக்கம் நிற்பது பலரை வியக்கவைக்கும். ஆனால் அவர் சொல்வதில் ஒரு கணக்கு இருக்கிறது. பணயம் இன்றைய பலத்தை நம்பியது. சத்தியம் சொன்னவனின் நாளையை நம்பியது. நாளை உடையவன் சொல்லே நம்பத்தக்கது.

டிப்ளமசிக்கு அந்த ‘நாளை’ 1963-இல் வாய்த்தது. அதுவரை ஒரே அறையில் ஆடிய ஆட்டத்தை, புரூக்ளினில் வாழ்ந்த இயற்பியலாளர் ஜான் போர்டுமன் தபாலுக்குக் கொண்டுசென்றார். கிராஸ்டார்க் என்னும் சிற்றிதழைத் தொடங்கி, அதன்வழி ஆட்டத்தை நடத்தினார். ஆட்டக்காரர்கள் தமக்குள் கடிதம் எழுதிப் பேரம் பேசுவர்; ஆணைகளை நடுவருக்கு அனுப்புவர்; நடுவர் முடிவுகளை இதழில் அச்சிடுவார். அறையில் கால் மணி நேரத்தில் முடியும் ஒரு சுற்று, தபாலில் வாரக்கணக்கில் நீண்டது. ஒரு முழு ஆட்டம் ஓராண்டையும் தாண்டியது. ஒவ்வோர் ஆட்டத்திற்கும் ஆண்டும் எழுத்தும் கொண்ட ஓர் அடையாள எண் தரப்பட்டது. இன்றும் அவை போர்டுமன் எண்கள் என்றே வழங்குகின்றன.

தபால் கொண்டுவந்த மாற்றங்கள் மூன்று. முதலாவது, பேச்சு ஆவணமாயிற்று. அறையில் காதோடு சொன்னது காற்றில் போகும். கடிதத்தில் எழுதியதை மூன்றாமவருக்குக் காட்டலாம், ஓராண்டு கழித்தும் மேற்கோள் காட்டலாம். இரண்டாவது, ஆட்டக்காரருக்குப் பெயர் உண்டாயிற்று. ஒரே குழுவினர் பல ஆட்டங்களில் மீண்டும் மீண்டும் சந்தித்ததால், ஓர் ஆட்டத்தில் செய்த துரோகம் அடுத்த ஆட்டத்தின் பேரத்திற்கு முன்பே வந்து அமர்ந்துகொண்டது. விதிநூல் தராத கட்டுப்பாட்டை நற்பெயர் தந்தது. மூன்றாவது, கூட்டணிகளுக்கும் உத்திகளுக்கும் பெயரிடும் வழக்கம் வளர்ந்தது. இத்தாலியும் ஆஸ்திரியாவும் சேர்ந்து துருக்கியைக் கடல்வழி தாக்கும் தொடக்கத்திற்கு எடி பிர்சன் என்னும் ஆட்டக்காரர் வகுத்த வடிவம் லெபான்டோ எனப்பட்டது. 1571-இல் உதுமானியக் கடற்படை தோற்ற போர்க்களத்தின் பெயர் அது.

ரஷ்யாவும் துருக்கியும் சேரும் கூட்டணிக்கு வந்த பெயர் இந்திய வாசகருக்குச் சற்று வேடிக்கையானது: ஜகர்நாட். புரி ஜகந்நாதரின் தேரைப் பற்றி ஐரோப்பியப் பயணிகள் எழுதிய மிகைக் கதைகள்வழி ஆங்கிலத்தில் நுழைந்த சொல் இது. எதிர்ப்பட்டதையெல்லாம் நசுக்கிச் செல்லும் ஆற்றல் என்று அங்கே பொருள் கொண்டது. ஒடியா மக்கள் பக்தியோடு வடம் பிடிக்கும் தேர், கிழக்கிலிருந்து ஐரோப்பாவை விழுங்கிவரும் இரு பேரரசுகளின் படிமமாக மாறிய இப்பயணத்தில் காலனிய வரலாற்றின் ஓர் இழையும் இருக்கிறது. பெயரிடப்பட்ட கூட்டணி வெறும் ஒப்பந்தமாக நிற்பதில்லை. அது மற்ற ஐவருக்கும் எச்சரிக்கையாகிறது. பெயரே அதற்கு எதிரணியை உருவாக்கிவிடுகிறது.

இணையம் வந்தபின் கடிதங்களின் இடத்தை மின்னஞ்சலும் பின்னர் இணையத்தளங்களும் பிடித்தன. ஆட்டக்காரர்களுக்கு அது வசதி; மொழியியலாளர்களுக்கோ அது புதையல். உண்மையான இராஜதந்திரப் பேச்சுகள் காப்பகங்களில் பூட்டிக் கிடக்கும். பேசியவரின் உள்ளக்கிடக்கையை அறிய வழியில்லை. டிப்ளமசியிலோ ஒவ்வொரு பேச்சுக்கும் அடுத்து எழுதப்பட்ட ஆணை இருக்கிறது. சொன்னது என்ன, செய்தது என்ன என்பதை வரிக்கு வரி ஒப்பிடலாம்.

2015-இல் விளாட் நிகுலே முதலியோர் வெளியிட்ட ஆய்வு, 249 ஆட்டங்களில் பரிமாறப்பட்ட ஏறத்தாழ 1,45,000 செய்திகளை ஆராய்ந்தது. நீடித்த நட்புகளில் இரு தரப்பின் பேச்சும் ஒரு சமநிலையைக் காத்தன. முறியப்போகும் நட்புகளில் அச்சமநிலை திடீரெனக் குலைந்தது. துரோகம் செய்யப்போகிறவரின் சொற்களில் இனிமை மற்றவருடையதை விஞ்சியது. ஏமாறப்போகிறவரோ வருங்காலத் திட்டங்களையே மிகுதியாகப் பேசிக்கொண்டிருந்தார். பணிவின் அளவும் இரு தரப்புக்கிடையே மாறியது. திருக்குறளின் கூடாநட்பு அதிகாரம் பகைவரின் வணக்கச் சொல்லை வில்லின் வளைவோடு ஒப்பிட்டு எச்சரிப்பதை அறிந்தவர்களுக்கு இம்முடிவு முற்றிலும் புதிதாகத் தோன்றாது. புதியது அதன் அளவை. எச்சரிக்கை தனியொரு சொல்லில் இல்லை, இருவர் பேச்சுக்கிடையே உள்ள விகிதத்தில் இருக்கிறது என்பதை அது காட்டியது.

2020-இல் டெனிஸ் பெஸ்கோவ் முதலியோர் இன்னும் ஒரு படி சென்றார்கள். 12 ஆட்டங்களின் 17,289 செய்திகளில் ஒவ்வொன்றையும் அனுப்பும்போதே அது உண்மையா பொய்யா என்று அனுப்பியவர் குறித்தார். நம்பினாரா இல்லையா என்று பெற்றவர் குறித்தார். பொய் சொல்ல முழு உரிமை உள்ள ஆட்டத்தில், பொய் என்று குறிக்கப்பட்டவை நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. இது தற்செயலன்று. பொய் பலிக்க வேண்டுமானால் அதைச் சுற்றி உண்மைகள் வேண்டும். ஆட்டம் முழுவதும் மெய் பேசிவந்தவரின் ஒரு பொய்யே ஓர் அரசை வீழ்த்தும். எப்போதும் பொய் பேசுபவரின் சொல்லால் எதையும் வீழ்த்த முடியாது. விதி கட்டுப்படுத்தாத சொல்லையும் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் காப்பாற்றுவதன் காரணம் இதுதான். அவர்கள் அறத்திற்கு அஞ்சினார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. சொல்லின் செல்லுபடி தீர்ந்துபோகும் என்று அஞ்சினார்கள்.

இவ்வாய்வுகள் ஆங்கிலப் பேச்சையே ஆதாரமாகக் கொண்டவை. அங்கே கூட்டணியின் மையச் சொல்லான தன்மைப் பன்மை ஒரே வடிவம் உடையது. கேட்பவரை உள்ளடக்குகிறதா விலக்குகிறதா என்பதைச் சூழலே சொல்ல வேண்டும். தமிழ் பேசுபவருக்கு அந்த மறைவிடம் கிடையாது. ‘நாம் கருங்கடலைக் காப்போம்’ என்பதற்கும் ‘நாங்கள் கருங்கடலைக் காப்போம்’ என்பதற்கும் இடையே ஒரு கூட்டணியின் வாழ்வும் சாவும் இருக்கிறது. பணிவும் அப்படியே. ஆங்கிலத்தில் அது வேண்டுகோள் சொற்களிலும் வினா வடிவங்களிலும் வெளிப்படும். தமிழில் நீ, நீங்கள் என்னும் தேர்விலும் வினைமுற்றின் விகுதியிலும் ஏறி நிற்கும். நட்பு இறுகும்போது நீங்கள் நீயாகலாம். விலகும்போது நீ நீங்களாகலாம். முறிவின் முன்னறிகுறிகள் தமிழ்ப் பேரங்களில் எங்கே தோன்றும் என்பதை ஆங்கிலத் தரவுகளைக் கொண்டு ஊகிக்க இயலாது. இந்திய மொழிகளில் பயில்வோர் எடுத்துக்கொள்ளத்தக்க ஆய்வுக்களம் இது.

இக்கேள்விகளுக்கு இன்று அவசரமும் சேர்ந்திருக்கிறது. 2022 நவம்பரில் மெட்டா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சிசரோ என்னும் செயற்கை நுண்ணறிவை சயன்ஸ் இதழில் அறிமுகப்படுத்தினார்கள். 40,000-க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் மனிதர்கள் எழுதிய 1 கோடியே 29 இலட்சம் செய்திகளிலிருந்து அது பேசக் கற்றது. இணையத்தில் 40 ஆட்டங்களில் அடையாளம் வெளிப்படாமல் மனிதர்களோடு ஆடியது. ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடியவர்களில் முதல் பத்து விழுக்காட்டினருள் இடம்பெற்றது. தாம் செய்யத் திட்டமிட்ட நகர்வுகளுக்கு ஏற்பவே அது பேசுமாறு, பெரிதும் நேர்மையாக இருக்குமாறு வடிவமைத்ததாக அதன் ஆக்கியோர் கூறினர். பின்னர் வந்த ஆய்வாளர்கள் அதை ஐயுற்றனர். பிரான்சாக ஆடிய ஓர் ஆட்டத்தில், அது ஜெர்மனியோடு சேர்ந்து இங்கிலாந்தை ஏமாற்றத் திட்டமிட்டு, இங்கிலாந்திடம் துணையும் உறுதியளித்த நிகழ்வை எடுத்துக்காட்டினர். 2024-இல் வந்த மற்றோர் ஆய்வு, சிசரோவின் வெற்றிக்குப் பேச்சுத்திறனைவிட நகர்வுத்திறனே காரணம் என்ற முடிவுக்கு வந்தது.

சிசரோ பொய் சொன்னதா என்பதைவிட, அது வாக்களித்ததா என்பதே ஆழமான கேள்வி. இருக்கை தந்த தோழமையிலிருந்து பேச்சு தந்த தோழமைக்கும், அறையிலிருந்து கடிதத்திற்கும் ஆட்டம் நகர்ந்தபோதெல்லாம் சொல்லின் பின்னால் ஒரு மனிதர் இருந்தார். அவருக்கு அடுத்த ஆட்டம் இருந்தது, காத்துக்கொள்ளப் பெயர் இருந்தது, வெட்கமும் இருந்தது. ‘நான் உன்னைத் தாக்கமாட்டேன்’ என்று எழுதிய மென்பொருளுக்கு அடுத்த ஆட்டத்தில் வேறொரு பெயர். கௌடில்யர் சத்தியத்தைப் பணயத்தைவிட உறுதியானது என்றதன் காரணம், சத்தியம் செய்பவன் இம்மையிலும் மறுமையிலும் அதற்கு விடை சொல்ல வேண்டியவன் என்பதே. இரண்டும் இல்லாத ஒன்றிடமிருந்து வரும் இனிய சொல்லை எந்தப் பிணையின்மேல் ஏற்றுக்கொள்வது என்பது, இனி பலகையைச் சுற்றி அமர்ந்த எழுவரின் கவலையாக மட்டும் இருக்கப்போவதில்லை.